ஒன்பது மாதம் நிரம்பாத ஆட்சி

('மன்னனை வரலாற்றில் நிலைநிறுத்துவது ஆண்ட காலமா? ஆண்ட விதமா?' என்ற தலைப்பில் நடந்த பட்டிமன்றத்தில், 'ஆண்ட விதமே' என்னும் அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னே அழகாகப் பேசி, எனக்குச் சிரமம் கொடுத்துவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! அவையில் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, விளம்பரம் வரும்போது மட்டும் எழுந்து போகிற அன்பு நேயர்களே!  (சிரிப்பு)

எதிரணித் தலைவர் ஒரு பெரிய ஆளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். சீனப் பேரரசர் காங்ஷி. 1661 முதல் 1722 வரை 61 வருஷம் ஆண்டவர். "அத்தனை வருஷம் கிடைத்ததால்தானே அவ்வளவு சாதிக்க முடிந்தது? நேரம் வேண்டாமா ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்துப் பேசிய அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாங்க. "ஒரு சாம்பார் கொதிக்கவே நேரம் வேணும், சாம்ராஜ்யத்துக்கு வேண்டாமா?"ன்னு கேட்டு, கைதட்டலையும் வாங்கிட்டாங்க.

சரி, சீனாவுக்கே போவோம். நானும் அதே நாட்டிலிருந்து ஒரு சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். காங்ஷிக்கு இரண்டரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக முன்னால் இருந்தவர். மிங் வம்சத்தின் நான்காவது பேரரசர். சொந்தப் பெயர் சூ காவ்ச்சி, ஆட்சிப் பெயர் ஹோங்சி. பெயர் வாயில் நுழையவில்லையே என்று கவலைப்படாதீங்க. நம்ம பெயரும் அவங்க வாயில் நுழையாது, கணக்கு நேராப் போச்சு. (சிரிப்பு)

அவர் எத்தனை வருஷம் ஆண்டார்? வருஷக் கணக்கே கிடையாது. 1424 செப்டம்பர் 7-ஆம் தேதி அரியணை ஏறினார். 1425 மே 29-ஆம் தேதி காலமானார். ஒன்பது மாதம்கூட நிரம்பவில்லை. பிள்ளையைப் பத்து மாதம் சுமந்தேன் என்று நம் தாய்மார்கள் சொல்வார்கள். ஒரு பிள்ளை தாய் வயிற்றில் இருக்கிற காலம்கூட இந்த மனிதர் சிம்மாசனத்தில் இருக்கவில்லை. இவரைத்தான் நான் காங்ஷிக்கு எதிரே நிறுத்தப் போகிறேன். (கைதட்டல்)

ஆளைப் பார்த்தால் ராஜா என்று சொல்ல மாட்டீர்கள். உடம்பு கனத்தவர். காலில் கோளாறு. நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆள் தாங்கிப் பிடிக்க வேண்டும். இவருடைய தாத்தாவோ மிங் வம்சத்தை நிறுவியவர். பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த குடியானவர் மகன், படை திரட்டி 1368-இல் பேரரசரானவர், ஹோங்வூ. அப்பா யோங்லே, பிறவிப் போர்வீரர். அண்ணன் மகனிடமிருந்தே 1402-இல் அரியணையைப் பறித்தவர். பெய்ஜிங் அரண்மனை நகரத்தைக் கட்டியவர். மங்கோலியர் மேல் ஐந்து முறை தாமே படையெடுத்துப் போனவர். அப்படிப்பட்ட வீட்டில், புத்தகமும் கையுமாக, குதிரை ஏறவே சிரமப்படுகிற ஒரு மூத்த பிள்ளை. அப்பாவுக்குப் பிடிக்குமா? பிடிக்கவில்லை. அவருக்குப் பிடித்தது இரண்டாவது மகன் சூ காவ்ஷூ. போர்க்களத்தில் அப்பாவின் உயிரைக் காத்த சூரன்.

ஆனால் தாத்தாவின் கண் வேறே மாதிரி பார்த்தது. ஒரு நாள் விடியற்காலையில் அவர் பேரன்மார் நான்கு பேரைக் கூப்பிட்டு, "போய்க் காவற்படையைப் பார்வையிட்டு வாருங்கள்" என்று அனுப்பினார். மூன்று பேர் சீக்கிரம் திரும்பிவிட்டார்கள். இவர் மட்டும் தாமதம். ஏன் என்று தாத்தா கேட்டார். "காலையில் குளிர் கடுமையாக இருந்தது. வீரர்கள் முதலில் சாப்பிடட்டும் என்று காத்திருந்தேன், அப்புறம் பார்வையிட்டேன்" என்றார் பேரன்.

இன்னொரு நாள், நாட்டிலிருந்து வந்த மனுக்களைப் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படைவீரர் கஷ்டம், குடிமக்கள் கஷ்டம் எந்த மனுவில் இருந்ததோ அதை மட்டும் பொறுக்கி முன்னால் வைத்தார் பேரன். மனுவில் எழுத்துப் பிழை இருந்தது. தாத்தா விரல் வைத்துக் காட்டி, "இதைக் கவனிக்கவில்லையா?" என்றார். "கவனித்தேன். இந்தச் சின்னக் குற்றத்தைத் தங்கள் காதுவரை கொண்டு வருவானேன் என்று விட்டுவிட்டேன்" என்று பதில். நான் தமிழ் வாத்தியார், எழுத்துப் பிழையை எளிதாக மன்னிக்கிறவன் இல்லை. ஆனாலும் இந்தப் பையனுக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிடுவேன். (சிரிப்பு, கைதட்டல்) எழுதியவன் பிழையைத் தாண்டி, எழுதியவன் பசியைப் படிக்கத் தெரிந்த பையன் அவன்.

"புத்தகப் புழு, போருக்கு உதவாது" என்று எதிரணி சொல்லக் கூடும். 1399-ஐப் பாருங்கள். அரியணைக்காக அப்பா போர் தொடங்கிவிட்டார். அப்பா வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, லீ ஜிங்லோங் என்ற தளபதி பெரும்படையோடு வந்து இப்போதைய பெய்ஜிங்கை வளைத்துக்கொண்டார். மிங் வரலாறு சொல்கிற கணக்கு, உள்ளே 10,000 பேர், வெளியே 5,00,000 பேர். வரலாறு எழுதினவர் கொஞ்சம் தாராளமாகவே எண்ணியிருப்பார், விடுங்கள். உள்ளே நின்று நகரத்தைக் காத்தவர் 21 வயதான இந்தக் கனத்த உடம்புக்காரர்தான். கூட நின்றவர் அவருடைய தாயார். ஊர்ப் பெண்களும் கவசம் மாட்டிக்கொண்டு மதில் மேல் ஏறினார்கள். கடும் குளிர்காலம். இரவோடு இரவாக மதில் மேல் தண்ணீர் ஊற்றினார்கள். விடிந்து பார்த்தால் மதில் முழுக்க உறைபனி, ஏணி சாத்த வழியில்லை. நகரம் பிழைத்தது.

அதே போரில் இன்னொரு சோதனை. எதிரிப் பேரரசரிடமிருந்து இவருக்கு ரகசியக் கடிதம் வருகிறது. "அப்பாவை விட்டு என் பக்கம் வந்துவிடு" என்று ஆசை காட்டுகிற கடிதம். அதற்குள், "உங்கள் மகன் எதிரியோடு சேர்ந்துவிட்டான்" என்று அப்பாவின் காதில் ஓதியும் ஆகிவிட்டது. இவர் என்ன செய்தார்? கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. முத்திரை கலையாமல், கொண்டு வந்த ஆளையும் சேர்த்து, அப்பாவிடம் அனுப்பிவிட்டார். அப்பா பிரித்துப் படித்துவிட்டு, "என் பிள்ளையை நானே கொன்றிருப்பேனே" என்று பெருமூச்சு விட்டாராம். பிரித்திருந்தால் தலை போயிருக்கும். பிரிக்காத கடிதம் தலையைக் காத்தது.

1404-இல் இளவரசுப் பட்டம் கட்டினார்கள். அது பட்டமா, முள் கிரீடமா என்று கேட்கிற மாதிரி இருபது வருஷம். அப்பா படையெடுப்புக்குப் போகும்போதெல்லாம் நிர்வாகத்தை இவர் கவனிக்க வேண்டும். அப்பா திரும்பி வரும்போதெல்லாம் தம்பி கோள் சொல்லக் காத்திருப்பார். 1414-இல் அப்பாவை வரவேற்க இளவரசர் அனுப்பிய ஆட்கள் தாமதமாக வந்தார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு. இளவரசரைத் தொடவில்லை, அவருடைய ஆசான்களையும் உதவியாளர்களையும் பிடித்து உள்ளே தள்ளினார்கள். ஹுவாங் ஹுவாய், யாங் பூ போன்றவர்கள் பத்து வருஷம் சிறையில் கிடந்தார்கள். தன் குற்றத்துக்குத் தான் அடிபட்டால் தாங்கலாம். தனக்காக இன்னொருத்தர் உள்ளே இருக்க, வெளியே இளவரசர் என்று நடமாடுவது எவ்வளவு பெரிய தண்டனை, யோசித்துப் பாருங்கள்.

அந்த இருபது வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது என்ன? 1420-இல் ஒரு காட்சி. நான்ஜிங்கிலிருந்து பெய்ஜிங்குக்குப் போகிற வழி, ஷான்டோங் மாகாணம், சோவ் என்ற வட்டாரம். வழியோரத்தில் ஆணும் பெண்ணும் புல்விதை பொறுக்குகிறார்கள். எதுக்கு என்று கேட்டால், தின்ன என்கிறார்கள். இளவரசர் குதிரையை விட்டு இறங்கினார். குதிரை ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு எவ்வளவு பாடு என்பதை நினைவில் வையுங்கள். குடிசைக்குள் போய்ப் பார்த்தார். உடம்பில் கந்தல், அடுப்பு இடிந்து கிடக்கிறது. மாகாண அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரி, "இந்த வருஷ வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதலாம்" என்று ஆரம்பித்தார். "சாகக் கிடக்கிறவனிடம் வரியைப் பற்றி என்ன பேச்சு? களஞ்சியத்தைத் திற" என்றார் இளவரசர். "தலைக்கு மூன்று படி கொடுக்கலாம்" என்றார் அதிகாரி. நம்ம படி இல்லை, அவங்க ஊர் அளவு. "ஆறாகக் கொடு. அனுமதி இல்லாமல் திறந்தாய் என்று யாராவது கேட்டால், பேரரசரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றார். எந்த அப்பா தன்னைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாரோ, அந்த அப்பாவின் களஞ்சியம் அது. கொடுக்கிறதுக்கு அதிகாரம் வேணும்னு சொல்றாங்க. இல்லாத அதிகாரத்தைத் துணிச்சலால் ஈடுகட்டினார் இவர். (கைதட்டல்)

இனி 1424. யோங்லே ஐந்தாவது முறையாக மங்கோலியாவுக்குப் போய், எதிரியைக் கண்ணாலும் பார்க்காமல் திரும்பும் வழியில், ஆகஸ்டு 12-இல் இறந்தார். கூட இருந்தவர்கள் சாவை வெளியே சொல்லவில்லை. படையிலிருந்த தகரத்தை உருக்கிப் பெட்டி செய்து உடலை வைத்து, வேளாவேளைக்குச் சாப்பாடும் உள்ளே அனுப்பிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள். தம்பிமார் கலகம் செய்துவிடுவார்களே என்ற பயம்.

அப்பா இறந்த செய்தி வந்ததும் இளவரசர் எங்கே போனார்? சிறைச்சாலைக்குப் போனார் ஐயா! அங்கே ஷியா யுவான்ஜி என்ற பெரியவர் இருந்தார். நிதியமைச்சராக இருந்தவர். "கஜானா தாங்காது, இந்தப் படையெடுப்பு வேண்டாம்" என்று சொன்ன குற்றத்துக்காக 1421-இல் யோங்லே அவரைச் சிறையில் போட்டார். நாட்டுக்கே ராஜாவாகப் போகிறவர் அந்தச் சிறை வாசலில் போய் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அழுதுகொண்டே செய்தியைச் சொன்னார். பெரியவரும் விழுந்து அழுதார். தன்னைச் சிறையில் போட்டவருக்காக!

வெளியே கூட்டி வந்து, "முதல் ஆணையில் என்ன எழுதட்டும்?" என்று கேட்டார். பெரியவர் சொன்னார்: பஞ்சத்தில் இருப்பவர்களுக்குச் சோறு போடுங்கள், வரியையும் கட்டாய வேலையையும் குறையுங்கள், மேற்குக் கடலுக்குப் போகிற பெருங்கப்பல்களை நிறுத்துங்கள், யுன்னானிலும் வியட்நாமிலும் பொன்னும் மணியும் திரட்டுவதை நிறுத்துங்கள். அத்தனையும் அப்படியே ஆணையாயிற்று. சில நாள் முன்புவரை சிறைக்கைதி, இப்போது அவர் சொல் அரசாணை. இதற்கு எத்தனை வருஷம் தேவைப்பட்டது? சில நாள்தான்!

கப்பல் என்றதும் எதிரணித் தலைவர் நிமிர்ந்து உட்கார்கிறார். தெரியும். "கடலை வென்ற கப்பற்படையை நிறுத்தினவரா உங்கள் நல்ல ராஜா?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கப்பல்கள் சாதாரணமானவை அல்ல. தளபதி ஜெங் ஹே தலைமையில் 1405-இல் முதல் பயணம், 27,000-க்கும் மேற்பட்ட ஆட்கள். கள்ளிக்கோட்டைக்கு வந்தார்கள், ஹோர்மூஸ் போனார்கள், ஆப்பிரிக்கக் கரையைத் தொட்டார்கள். நம் மொழிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. இலங்கையில் காலி நகரத்தில் 1911-இல் ஒரு கல் கிடைத்தது. வாய்க்கால் மூடியாகக் கிடந்தது. 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஜெங் ஹே கொண்டு வந்து நிறுத்தியது. அதில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீன எழுத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழ் எழுத்தில் தேனவரை நாயினார் என்ற திருமாலுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று பட்டியல். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பேரரசர் ஆணையில் தமிழ் எழுத்து! எனக்கும் மார்பு விரிகிறது, மறைக்கவில்லை. (கைதட்டல்)

ஆனால் அந்த ஆயிரம் பொன்னும் யார் வீட்டுப் பணம் என்று ஒரு கேள்வி இருக்கிறதே! நான் மார்பு விரிக்கலாம், நான் வரி கட்டவில்லை. வரி கட்டினவன் ஷான்டோங்கில் புல்விதை பொறுக்கிக்கொண்டிருந்தான். 1414-இல் வங்காள அரசர் அனுப்பிய ஒட்டகச்சிவிங்கி யோங்லேயின் அவைக்கு வந்தது. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. இன்னொரு பக்கம் பெய்ஜிங்கில் புதுத் தலைநகரம், வடக்கே போர், தெற்கே வியட்நாமில் போர். இத்தனையும் ஒரே குடியானவன் முதுகில். அந்த முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தார் இவர். ஜெங் ஹேயையும் அவமானப்படுத்தவில்லை. 1425-இல் நான்ஜிங் நகரத்தின் காவல் பொறுப்பைக் கொடுத்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்பயணத்துக்கு ஒரேயடியாகக் கதவைச் சாத்தியவர் இவர் என்று பழி போடவும் முடியாது. இவர் மகன் காலத்தில் 1431 முதல் 1433 வரை ஏழாவது பயணம் போய்வந்தது. அதற்குப் பிறகு போகாததற்கு, 1425-இல் இறந்துபோனவர் எப்படி ஜவாப்தாரி?

அடுத்து, பழைய கணக்கு ஒன்றைத் தீர்த்தார். அப்பா அரியணையைப் பறித்தபோது, பழைய பேரரசர் பக்கம் நின்ற அமைச்சர்களைக் கொன்று குவித்தார். ஃபாங் ஷியாவ்ரூ என்ற பேரறிஞர், பட்டாபிஷேக ஆணையை எழுத மாட்டேன் என்று எழுதுகோலைத் தூக்கி எறிந்தவர். அவரோடு சேர்த்துச் சுற்றமும் மாணவர்களுமாக 873 பேர் என்று வழிவழியாகச் சொல்கிற கணக்கு. மிச்சமிருந்த குடும்பங்கள் அடிமைகள். பெண்கள் சலவைச் சாலையிலும் ஆடல் பாடல் சாலையிலும் கிடந்தார்கள். 22 வருஷம்! ஆட்சிக்கு வந்த மூன்று மாதத்துக்குள் ஹோங்சி ஆணை போட்டார்: அத்தனை பேரும் விடுதலை, இனி குடிமக்கள், பறித்த நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள். இறந்தவர்களை விசுவாசமான அமைச்சர்கள் என்றே சொன்னதாகப் பதிவு. தன் அப்பா செய்ததைத் தவறு என்று மகன் ஊரறியச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதுவும் அந்த அரியணையிலேயே உட்கார்ந்துகொண்டு.

பஞ்சத்தைப் பற்றி ஒரு செய்தி. 1425 வசந்தம். ஷான்டோங்கிலும் ஹுவாய், ஷூச்சோ பகுதிகளிலும் ஜனங்களுக்குச் சாப்பாடு இல்லை, அதிகாரிகளோ வரி கேட்டு நெருக்குகிறார்கள் என்று செய்தி வந்தது. உடனே யாங் ஷிச்சி என்ற அமைச்சரைக் கூப்பிட்டு, பாதி வரியைத் தள்ளுபடி செய்து எழுதச் சொன்னார். "நிதித் துறையைக் கலந்துகொள்ள வேண்டாமா?" என்றார் அமைச்சர். அதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: தீப்பிடித்த வீட்டையும் நீரில் விழுந்தவனையும் காப்பாற்றுவது போன்ற வேலை இது, துறையைக் கேட்டால் பணம் போதாது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயே தாளும் தூரிகையும் வரவழைத்து, எழுத வைத்து, முத்திரை போட்டு அனுப்பிய பிறகு சொன்னார்: "இப்போது துறைக்குச் சொல்லலாம்." (நீண்ட கைதட்டல்) கைதட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் போலிருக்கிறது. (சிரிப்பு)

இவ்வளவு நேரம் நல்லதையே சொன்னேன். இனி எதிரணி சொல்லுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

இவர் தம் முக்கியமான அமைச்சர்களுக்கு ஆளுக்கொரு சின்ன வெள்ளி முத்திரை கொடுத்தார். எதற்கு? "நான் தப்புச் செய்தால், எழுதி, இந்த முத்திரையைக் குத்தி, நேரே எனக்கு அனுப்புங்கள்" என்பதற்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் சொல்வது சுலபம், கேட்டுக்கொள்வது? யீ சியென் என்ற அதிகாரி கொஞ்சம் காரமாகப் பேசிவிட்டார். பேரரசருக்குக் கோபம், "இனி அவைக்கு வராதே" என்று நிறுத்திவிட்டார். ஒரு மாதம் போயிற்று. மனுக்களே வரவில்லை. ஒருவனுடைய வாயை மூடினால் ஊர் வாயெல்லாம் தானாக மூடிக்கொள்ளும் என்பதைக் கண்டார். உடனே, "என் பேரில்தான் பிழை" என்று பகிரங்கமாக ஆணை எழுதி, யீ சியெனை மறுபடி அவைக்கு அழைத்தார். சக்கரவர்த்தி தன் பிழையை எழுத்தில் கொடுக்கிறார்! அந்த வசந்தத்திலேயே இன்னோர் ஆணையும் போட்டார்: ராஜதுரோகம் தவிர வேறு குற்றத்துக்குக் குடும்பத்தைச் சேர்த்துத் தண்டிக்கக் கூடாது, அவதூறு பேசினான் என்று யார் புகார் கொடுத்தாலும் விசாரிக்கக் கூடாது.

இந்த ஆணையில் மை காய்ந்து இரண்டு மாதம்கூட இருக்காது. லீ ஷிமியான் என்ற அறிஞர் ஒரு மனு எழுதினார். அதில், அப்பா இறந்த துக்கக் காலத்தில் அந்தப்புரப் பெண்களை நெருங்கலாமா என்று கேட்டார். இளவரசரைத் தூரத்துக்கு அனுப்பாதீர்கள் என்றார். நேருக்கு நேர் வரவழைத்துக் கேட்டபோதும் பணியவில்லை. நம்ம ஹோங்சி என்ன செய்தார் தெரியுமா? காவலரை விட்டு உலோகத் தடியால் அடிக்கச் சொன்னார். மூன்று விலா எலும்பு முறிந்தது. இழுத்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். பிறகு சிறை. சிறையில் ஓர் அதிகாரி ரகசியமாக வைத்தியரைக் கூட்டி வந்து, கடல் கடந்து வந்த ஒரு மருந்துப் பிசினைப் பூசினதால் உயிர் தங்கியது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல் இல்லை, விழுந்தே விட்டார். சிறை வாசலில் நின்று அழுத அதே மனிதர், உண்மை சொன்ன ஒருவரைச் சிறைக்கு அனுப்பினார். அந்த மாதமே அவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. படுக்கையில் ஷியா யுவான்ஜியைப் பார்த்து, "லீ ஷிமியான் என்னை அவையில் அவமானப்படுத்திவிட்டான்" என்று கோபத்தில் கொதித்தார். பெரியவர் தேற்றினார். அன்று இரவு உயிர் போயிற்று. வயது 46. நல்லவராக வாழ்ந்தவர், கடைசி மூச்சில் கோபத்தோடு போனார்.

எதிரணி இப்போது எழுந்து, "பார்த்தீர்களா! இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் திருத்திக்கொண்டிருப்பார், காலம் போதவில்லை, ஆகவே காலமே பெரிது" என்று சொல்லலாம். தலைநகரத்தை நான்ஜிங்குக்கே மாற்ற நினைத்தார், நடக்கவில்லை. பெய்ஜிங்தான் இன்றும் தலைநகரம். வியட்நாம் போரை முடிக்கவில்லை; மகன்தான் 1427-இல் படையைத் திரும்ப அழைத்தார். உண்மைதான். எல்லாம் பாதி.

ஆனால் அடுத்த வருஷம் நடந்ததைக் கேளுங்கள். மகன் ஷுவாண்டே பேரரசராகிவிட்டார். அப்பாவைக் கடைசி நேரத்தில் நோகடித்தவன் சிறையில் இருக்கிறான் என்று அவருக்குச் சொன்னார்கள். இளரத்தம், கொதித்துவிட்டது. "கட்டி இழுத்து வாருங்கள், நானே விசாரித்துக் கொல்கிறேன்" என்று ஆள் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அதுவும் பொறுக்காமல், "இங்கே வர வேண்டாம், நேரே கொலைக்களத்துக்குக் கொண்டு போங்கள்" என்று இன்னோர் அதிகாரியை அனுப்பினார். இரண்டாவது அதிகாரி ஒரு வாசல் வழியாக வெளியே போனார். அதே நேரத்தில் முதலில் போனவர் லீ ஷிமியானைக் கட்டி இன்னொரு வாசல் வழியாக உள்ளே கூட்டி வந்தார். வழி தப்பியது, உயிர் தப்பியது!

முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "அற்ப மனிதனே, என் தந்தையை நோகடிக்க என்ன எழுதினாய்? சொல்!" அவர் சொன்னார்: துக்கக் காலத்தில் பெண்களை நெருங்க வேண்டாம் என்றேன், இளவரசரைத் தூரத்துக்கு அனுப்ப வேண்டாம் என்றேன். அந்த இளவரசர் யார்? கேட்டுக்கொண்டிருக்கிறவர்தான்! முகம் மாறியது. "மேலே சொல்." ஆறு வரை சொன்னார், நிறுத்தினார். "மீதி?" "பயத்தில் எல்லாம் நினைவில்லை." "எழுதிய படி எங்கே?" "எரித்துவிட்டேன்." தான் சொன்ன புத்திமதியை ஊருக்குக் காட்டிப் பேர் வாங்க நினைக்காதவன் என்று அந்த ஒரு சொல்லில் தெரிந்துபோயிற்று. கட்டை அவிழ்த்து, பழைய பதவியைக் கொடுத்தார். கொலைக்களத்துக்குக் கூட்டிப் போகச் சிறைக்குப் போனாரே ஓர் அதிகாரி, அவர் வெறுங்கையோடு திரும்பி வந்து பார்த்தால், கைதி அவை உடை அணிந்து படிக்கட்டில் நிற்கிறார்! (நீண்ட கைதட்டல்) பின்னாளில் நாட்டின் தலைமைக் கல்விச் சாலைக்கே தலைவரானவர் அவர்.

நடுவர் அவர்களே, கொல்லத் துணிந்த அந்த இளைஞர், "முதலில் என்ன எழுதினாய், சொல்" என்று ஏன் கேட்டார்? அவருடைய கொள்ளுத்தாத்தா ஹோங்வூவோ, தாத்தா யோங்லேயோ கேட்டிருப்பார்களா? அப்பாவின் அவையில் அவர் பார்த்திருக்கிறார். முத்திரை கொடுத்ததைப் பார்த்தார். யீ சியெனிடம் பிழையை ஒப்புக்கொண்டதைப் பார்த்தார். சிறையிலிருந்து வந்த கிழவர் சொல்ல, ராஜா எழுதிக்கொண்டதைப் பார்த்தார். ஒன்பது மாதத்தில் அப்பா சொல்லிக்கொடுத்த பாடம், அப்பாவே தேறாமல் போன கேள்விக்கு, மகன் கையில் விடையாக வந்தது. ஆண்ட காலம் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. ஆண்ட விதம் மகனுக்குச் சொத்தாயிற்று. (கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க, முடித்துக்கொள்கிறேன். பெய்ஜிங்குக்கு வடக்கே மிங் பேரரசர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. 22 வருஷம் ஆண்ட அப்பாவின் கல்லறை மலை போல நிற்கிறது. பக்கத்தில் மகனுடையது சிறியது. "சிக்கனமாகக் கட்டுங்கள், ஜனங்களைச் சிரமப்படுத்தாதீர்கள்" என்பது அவருடைய கடைசி விருப்பம். அவருக்கு வரலாறு கொடுத்த பெயர் ரென்சோங். 'ரென்' என்றால் சீனத்தில் அருள், இரக்கம், மனிதத் தன்மை. ஒன்பது மாதத்தில் அவர் ஒரு கோட்டையும் கட்டவில்லை, ஒரு நாட்டையும் பிடிக்கவில்லை. சில கப்பல்களை நிறுத்தினார், சில வரிகளைக் குறைத்தார், சில சிறைக் கதவுகளைத் திறந்தார். ஒரு கதவைத் தவறாகப் பூட்டினார், அதை மகன் திறந்துவைத்தார்.

22 வருஷம் சலவைச் சாலையில் அடிமையாகக் கிடந்து, ஒரு நாள் காலையில் "நீ போகலாம், உன் நிலம் உனக்கு" என்று கேட்ட ஒரு பெண்மணியிடம் போய், "அம்மா, அந்த ராஜா ஒன்பது மாதம்தானே ஆண்டார்?" என்று எதிரணி நண்பர்கள் கேட்டுப் பார்க்கட்டும். அந்த அம்மா என்ன பதில் சொல்வாரோ, அதையே இந்த வழக்குக்குத் தீர்ப்பாக எழுதுங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.